மஞ்சள் பட்டாம்பூச்சியும் கறுப்பு இடிகல்லும்

என் மேசையின் மேல் ஒரு கறுப்பு இடிகல் இருக்கிறது. இஞ்சி பூண்டு தட்டவும் மிளகு நசுக்கவும் சமையலறையில் வைத்திருப்போமே, அதே கைக்கு அடக்கமான கல்தான். உள்ளே அதன் குழவி சாய்ந்து கிடக்கும். மேசை இருப்பதோ பெங்களூரில் வைட்ஃபீல்ட் பக்கத்தில் ஓர் ஆராய்ச்சி நிலையத்தில், உயிருள்ள செல்களைக் கிண்ணங்களில் வளர்க்கும் அறைக்கு வெளியே. அந்த அறை என் பொறுப்பு. எங்கள் நிலையத்தைச் சுற்றிப் பார்க்க வரும் பெரிய மனிதர்கள் கண்ணாடிச் சுவருக்கு அப்பால் நிற்கும் இயந்திரங்களை விட்டுவிட்டு முதலில் இந்தக் கல்லைப் பற்றித்தான் கேட்பார்கள். "இங்கயே இஞ்சி டீ போட்டுக்குவீங்களா?" என்று சிரித்தவர்களும் உண்டு. அது ஒரு கருவி என்று மட்டும் அவர்களிடம் சொல்வேன். நான் சொல்வதில் பொய் எதுவும் இல்லை. இந்தக் கட்டடத்திலேயே அதிகம் பேசப்படாத ஓர் உண்மையைச் சொன்ன கருவி அது. இங்கே அதைக் கொண்டுவந்தவர் என் அண்ணி.

அண்ணி கோலார் தங்கவயலில் பிறந்தவர். அவருடைய அப்பா சுரங்கம் மூடிய பிறகு தினமும் ரயிலேறி பெங்களூருக்கு வேலைக்கு வந்துபோனவர். ஆஸ்டின் டவுனில் எங்கள் வீட்டுக்கு மருமகளாக வந்தபோது அண்ணியிடம் எம்.எஸ்ஸி. பட்டமும் ஒரு முரட்டுப் பிடிவாதமும் இருந்தன. எங்கள் நிலையத்தில் ஆராய்ச்சி மாணவிக்கு ஓர் இடம் காலியாக இருக்கிறது என்று சொன்னவளே நான்தான். அதற்குப் பிறகு நாத்தனாரும் அண்ணியும் ஒரே மெட்ரோவில், ஒரே சாப்பாட்டுப் பையுடன் போய்வர ஆரம்பித்தோம். நாத்தனார் என்றால் எப்படி இருப்பாள் என்று உலகம் எழுதி வைத்திருக்கிறதோ அதற்கு நாங்கள் இருவரும் சரியாக ஒத்துழைக்கவில்லை என்று என் அம்மாவுக்குக் குறை. எங்களை ஏதாவது ஒரு விஷயத்தில் சண்டை போட வைத்துப் பார்க்க அவர் எடுத்த முயற்சிகள் பல. நாங்களோ ஆபீஸ் கதை பேசியே பொழுதைப் போக்கினோம்.

அண்ணியின் ஆராய்ச்சி பட்டாம்பூச்சிகளைப் பற்றியது. கேட்கிறவர்கள் உடனே முகம் மலர்வார்கள். மீதியையும் சொன்னால் மலர்ந்தது சுருங்கும். சில வகைப் பட்டாம்பூச்சிகளின் உடம்பில் செல்லைக் கொல்லும் ஒரு புரதம் இருக்கிறது. வெளிநாட்டில் முட்டைக்கோஸ் தோட்டங்களில் பறக்கும் சாதாரண வெள்ளைப் பட்டாம்பூச்சியில்தான் அதை முதலில் கண்டுபிடித்தார்கள். அது செல்லுக்குள் நுழைந்து, மரபுச் செய்தி எழுதியிருக்கும் இழையில் எதையோ ஒட்டிவிடும். அதற்குப் பிறகு அந்த எழுத்தைப் படிக்க முடியாமல் செல் தானாகவே தன் கதையை முடித்துக்கொள்ளும். கண்ணுக்குத் தெரியாத அளவு போதும், ஒரு கிண்ணம் நிறைய செல்கள் மறுநாளைக்குள் உருண்டு சுருங்கிக் கிடக்கும். புழுவின் உடலுக்குள் முட்டையிட வரும் குளவிகளுக்கு எதிராக இதை வைத்திருக்கலாம் என்கிறார்கள். கூட்டுக்குள் பழைய உடம்பைக் கலைத்துப் புதிய உடம்பு கட்ட உதவலாம் என்றும் ஒரு பேச்சு. அந்த வெள்ளைப் பட்டாம்பூச்சியின் குடும்பத்தில் எந்தெந்த இனங்களிடம் இது இருக்கிறது, எவற்றிடம் இல்லை என்று நம் ஊர்ப் பூச்சிகளில் பார்ப்பதுதான் அண்ணியின் வேலை.

முக்கியமாக இரண்டு இனங்கள். ஒன்று, மாமரக் கிளைகளில் ஒட்டி வளரும் புல்லுருவியைத் தின்று வளர்வது. மேலே வெள்ளை, இறக்கையின் அடியில் மஞ்சள், விளிம்பில் வரிசையாகச் சிவப்புப் பொட்டுகள். எங்கள் வீட்டில் அதற்குக் குங்குமக்காரி என்று பெயர். இன்னொன்று, சாலையோரக் கொன்றை மரங்களில் முட்டையிடும் எலுமிச்சை நிற மஞ்சள் பட்டாம்பூச்சி. இரண்டின் புழுக்களும் எங்கள் மொட்டை மாடியில் கொசுவலைக்குள் வளர்ந்தன. புத்தர் படம் மாட்டிய வீட்டில் கொல்வதற்காகவே உயிர் வளர்க்கிறாளே என்று அம்மா முணுமுணுப்பார். ஆனால் மழை வந்தால் ஓடிப்போய் வலையின் மேல் தார்ப்பாய் போடுவதும் அம்மாதான்.

மெட்ரோ வைட்ஃபீல்ட் வரைக்கும் வந்த புதிது அது. ஒருநாள் காலை ட்ரினிட்டி ஸ்டேஷனில் அண்ணியின் பையை நிறுத்தித் திறக்கச் சொன்னார் காவலர். உள்ளே டிபன் டப்பாவுக்குப் பக்கத்தில் இன்னொரு டப்பா. புல்லுருவி இலைகளில் புழுக்கள் கூட்டமாக அப்பிக்கொண்டிருந்தன. டப்பாவை ஆட்டியதில் சில நூல் விட்டுத் தொங்கின. "ஏனம்மா இது?" என்னவென்று கன்னடத்தில் கேட்டபடி அவர் ஓரடி பின்னால் போனார். அண்ணி கொஞ்சமும் அசராமல் கன்னடத்தில், "ஹுளு சார். ஆபீசிகெ ஹோக்தா இதாவே" என்றார். புழுக்கள் சார், ஆபீசுக்குப் போகின்றன என்று. காவலர் அவற்றையும் எங்களையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு வழிவிட்டார். அண்ணி யாரிடமும் எதற்கும் குரலை உயர்த்த மாட்டார். குரலைத் தாழ்த்தவும் மாட்டார். எதிரில் நிற்பவர் யாராக இருந்தாலும் அதே குரல்தான்.

அண்ணியின் ஆராய்ச்சிக்கு வழிகாட்டிய கைடை நாங்கள் எல்லாரும் சார் என்றே அழைத்தோம். மைசூர் அரசாங்க காலத்திலிருந்து உத்தியோகத்தில் இருந்த தமிழ்க் குடும்பம். நல்ல படிப்பாளி, கெட்டவர் என்று சொல்லமாட்டேன். அவரிடம் ஒரு வெள்ளைப் பீங்கான் உரல் இருந்தது. வெளிநாட்டில் ஆராய்ச்சி செய்த காலத்தில் வாங்கி, துணியில் சுற்றி, மடியில் வைத்துக்கொண்டு விமானத்தில் வந்தாராம். தன் பேர் சொல்லும் கண்டுபிடிப்புகள் எல்லாம் அதில் அரைத்ததுதான் என்பார். அவருடைய மாணவர்கள் எல்லாரும் தங்கள் பூச்சிகளையும் இலைகளையும் அதில்தான் அரைக்க வேண்டும். அதன் உட்புறத்தில் மெல்லிய விரிசல்கள் கோலம் போல் ஓடியிருந்தன. மற்ற பாத்திரங்களை எல்லாம் ஆவியில் வேகவைக்கும் இயந்திரத்தில் போட்டு எடுப்போம். இந்த உரலை மட்டும் போடக்கூடாது. "சூட்டுல வெடிச்சிடும்மா, அது என் ராசி உரல்" என்பார் சார். பச்சைத் தண்ணீரில் கழுவி, ஸ்பிரிட் தொட்டுத் துடைத்து வைப்பதுதான் வழக்கம். ஆராய்ச்சிக்காரர்கள் ராசி பார்க்க மாட்டார்கள் என்று நினைப்பவர்கள் ஒரு லேபில் ஒரு மாதம் இருந்து பார்க்கட்டும்.

குங்குமக்காரியில் அந்தப் புரதம் இருந்தது. அதில் சந்தேகமே இல்லை. பிறகு மஞ்சளையும் அரைத்துச் சாற்றை என் செல்களில் விட்டார்கள். எது எந்தச் சாறு என்று எனக்குத் தெரியாது. எண் போட்ட டியூப்கள்தான் என் கைக்கு வரும், நான் உயிரோடு இருப்பதையும் செத்ததையும் எண்ணிக் கொடுப்பேன். மஞ்சளின் கிண்ணங்களிலும் செல்கள் செத்திருந்தன. சாருக்கு மகிழ்ச்சியில் தலைகால் புரியவில்லை. அந்தக் குடும்பத்தில் மஞ்சள் இருக்கும் கிளையில் இந்தப் புரதம் இல்லை என்றுதான் அதுவரை எல்லாரும் நினைத்திருந்தார்கள். இருக்கிறது என்றால் அது பெரிய சேதி. அவர் அந்த மாதமே ஒரு மாநாட்டில் பேசினார், சுருக்கம் எழுதி இணையத்தில் ஏற்றினார், மருந்து கம்பெனி ஆட்கள் வந்து டீ குடித்துப் போனார்கள். லேபில் எல்லாருக்கும் மைசூர் பாக் கொடுத்தார்.

அண்ணி மட்டும் அந்த மைசூர் பாக்கைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார். சாயங்காலம் மெட்ரோவில் வரும்போதுதான் சொன்னார்.

"குங்குமக்காரியில குட்டிப் புழு கொஞ்சமா கொல்லுது, பெரிசு ஆக ஆக ஜாஸ்தியா கொல்லுது. மஞ்சள்ல குட்டி, பெரிசு, பறக்குறது எல்லாம் ஒரே மாதிரி கொல்லுது. அதெப்படி?"

"நான் எண்ணினது தப்புங்கறீங்களா அண்ணி?"

"நீ எண்ணினது சரி. செத்தது செத்ததுதான். யாரு கொன்னதுன்னுதான் கேக்கறேன். எல்லாம் ஒரே மாதிரி இருந்தா அது பூச்சிகிட்டருந்து வரல. நம்மகிட்டருந்து வருது."

உரல்தான் என்று அவர் அப்போதே ஊகித்துவிட்டார். விரிசல்களுக்குள் குங்குமக்காரியின் சாறு காய்ந்து ஒளிந்திருக்கும். அந்தத் துளியின் துளி போதுமே. மறுநாள் சாரிடம் புது உரல் வேண்டும் என்று கேட்டார். வாங்குவதற்கு சாரின் கையெழுத்து வேண்டும். அவர் போடவில்லை. "நூறு தடவை கழுவின உரல்ம்மா. உனக்கு டிகிரி முடியற நேரம். இவ்ளோ தூரம் வந்துட்டு இப்ப போய் சும்மா சுமனே எதுக்குக் கிளறறே?" என்றார். அவர் சொன்னதில் ஒரு பாதி உண்மை. அண்ணியின் ஆய்வேட்டில் மஞ்சள் பட்டாம்பூச்சி கடைசி அத்தியாயம். அதில் 'இருக்கிறது' என்று எழுதினால் சார் கையெழுத்துப் போடுவார், அண்ணி டாக்டர் ஆவார். எங்கள் தெருவிலேயே முதல் டாக்டர் பட்டம். அண்ணன், வீட்டு வாசலில் மாட்ட பெயர்ப்பலகைக்குக்கூட விசாரித்து வைத்திருந்தான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அண்ணி சிவாஜிநகர் போய் நடைபாதையில் அம்மி, ஆட்டுக்கல் விற்கும் பெண்ணிடம் இந்த இடிகல்லை வாங்கி வந்தார். பட்டாம்பூச்சியைக் கண்டே இராத கல். அம்மாவுக்கு மகிழ்ச்சி. புதுக் கல்லை அரிசி போட்டு அரைத்துப் பழக்க வேண்டும் என்று முறத்தோடு உட்கார்ந்தார். அண்ணியும் கூட உட்கார்ந்து மணல் போகும்வரை அரைத்தார். பிறகு அதைத் தூக்கி இட்லிப் பானையில் போட்டு மூடி, அடுப்பைப் பெரிதாக வைத்தார். "கல்லை வேக வெச்சுத் தின்னப் போறாளா?" என்று அம்மா என்னைக் கேட்டார். அரை நாள் வெந்தது அந்தக் கல். நல்ல பாத்திரம் வீணாய்ப் போகிறதே என்று அம்மா புலம்பியது இன்னும் காதில் இருக்கிறது.

வெள்ளிக்கிழமை லேப் மீட்டிங். இடிகல்லைப் பார்த்ததும் அறையில் சிரிப்பு. "ரசம் வைக்கப் போறியாம்மா?" என்றார் சார். அண்ணியும் சிரித்தார். பிறகு எல்லார் முன்னாலும் நான்கு சாறு எடுத்தார். கல்லில் வெறும் உப்புத் தண்ணீர். கல்லில் மஞ்சள் பட்டாம்பூச்சி. அடுத்து சாரின் பீங்கான் உரலை வழக்கப்படி கழுவித் துடைத்து, அதில் வெறும் உப்புத் தண்ணீர் மட்டும். மறுபடி கழுவித் துடைத்து, மஞ்சள் பட்டாம்பூச்சி. டியூப்களுக்கு எண் போடும் வேலையை சாரிடமே கொடுத்தார். "நீங்களே போடுங்க சார். எங்களுக்குத் தெரிய வேணாம். நீங்களே வெச்சிருங்க." சார் எண் போட்டு, எது எது என்று ஒரு தாளில் எழுதி சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அவருக்குத் தன் உரல் மீது அவ்வளவு நம்பிக்கை.

அடுத்த கூட்டத்தில் நான் எண்ணியதைப் படித்தேன். முதல் டியூப், உயிரோடு. இரண்டாவது, எல்லாம் செத்தது. மூன்றாவது, உயிரோடு. நான்காவது, எல்லாம் செத்தது. சார் தாளைப் பிரித்தார். முதலாவது, கல்லில் மஞ்சள் என்றார். யாரோ நாற்காலியை நகர்த்தினார்கள். மஞ்சள் இருந்தும் செல் சாகவில்லை. இரண்டாவது, பீங்கானில் மஞ்சள். மூன்றாவது, கல்லில் வெறும் தண்ணீர். அதற்கு மேல் அவர் படிக்கவில்லை. மிச்சம் இருப்பது என்ன என்று அறையில் எல்லாருக்கும் தெரியும். அண்ணி எழுந்து நின்று, அதே குரலில், "படிங்க சார்" என்றார். அவர் தாளைப் பார்த்தபடியே படித்தார். பீங்கான் உரல், காலி. பட்டாம்பூச்சியே இல்லாத சாறு என் செல்களை ஒன்றுவிடாமல் கொன்றிருந்தது.

அப்போது எனக்குக் கை தட்ட வேண்டும் போல் இருந்தது. தட்டவில்லை. இப்போது தட்டிக்கொள்கிறேன்.

சார் அன்றே அந்த உரலைத் தன் அறைக்கு எடுத்துப் போய்விட்டார். மறுநாள் அண்ணியைக் கூப்பிட்டு ஒரு வழி சொன்னார். மஞ்சள் பட்டாம்பூச்சி அத்தியாயத்தையே எடுத்துவிடு. இருக்கிறது என்றும் எழுத வேண்டாம், இல்லை என்றும் எழுத வேண்டாம். குங்குமக்காரியே போதும், கையெழுத்துப் போடுகிறேன் என்று. நியாயமாகத்தான் தோன்றும். அண்ணனுக்கும் தோன்றியது, அம்மாவுக்கும் தோன்றியது. ஒரு பூச்சிக்காக யாராவது படிப்பை விடுவார்களா என்று அம்மா அழுதார். அண்ணி சாரிடம் என்ன பதில் சொன்னார் என்பதை எங்களிடம் சோறு பரிமாறிக்கொண்டே சொன்னார்.

"இருக்குன்னு ஊரெல்லாம் சொன்னது நீங்க சார். அது இன்னும் இணையத்துல அப்படியே நிக்குது. இல்லன்னு நான் ஒரு அத்தியாயத்துலயாவது சொல்லணும்ல? நாளைக்கு எந்தப் பிள்ளையாவது அதைப் படிச்சிட்டு கொன்றை மரம் கொன்றை மரமா அலையும். அதுங்க வீணாக்கற வருஷத்துக்கு யாரு பதில் சொல்றது?"

"அதுக்கு அவர் என்ன சொன்னார்?"

"என்ன சொல்வாரு. உன் இஷ்டம்னாரு. என் இஷ்டம்தான் சார்னு சொல்லிட்டு வந்துட்டேன்."

சார் கையெழுத்துப் போடவில்லை. திட்டவில்லை, விரட்டவில்லை, ஆய்வேட்டை மேசையில் வைத்துக்கொண்டே இருந்தார். பார்க்கிறேன், நேரமில்லை, அடுத்த வாரம் என்று மாதங்கள் ஓடின. உதவித்தொகை நின்றது. வேறு கைடு கேட்டு மனுக் கொடுத்தார் அண்ணி. சாரோடு சேர்ந்து சாப்பிடுகிறவர்களில் ஒருவரும் முன்வரவில்லை. பேசாமல் இருந்துவிட்டவர்களை எனக்குத் தெரியும். இன்றும் அவர்களுக்குக் கிண்ணங்கள் தயார் செய்து கொடுக்கிறேன், குறைவில்லாமல் செய்கிறேன், ஆனால் அவர்கள் வணக்கம் சொன்னால் எனக்குக் காது கேட்காது. கடைசியில் ஒரு காலையில் அண்ணி மொட்டை மாடியில் வலைகளைத் திறந்துவிட்டார். குங்குமக்காரிகளும் மஞ்சள்களும் வெளியேறின. அவர் வேறு வேலை தேடத் தொடங்கினார். தோற்றுப்போனாள் பாவம் என்று உறவில் சிலர் சொன்னார்கள். அவர்கள் வீட்டு விசேஷங்களுக்கு நான் போவதை நிறுத்திக்கொண்டேன்.

ஹெப்பகோடியில் ஒரு மருந்துத் தொழிற்சாலையில் தரம் பார்க்கும் பிரிவில் இப்போது அண்ணி இருக்கிறார். எந்தத் தொட்டியில் எந்த மருந்தின் மிச்சம் ஒட்டியிருக்கிறது என்று தேடிப் பிடிப்பதுதான் வேலை. அவர் சரி என்று சொல்லாமல் ஒரு பெட்டி வெளியே போகாது. அவர் வருகிறார் என்றால் ஷிஃப்டில் இருப்பவர்கள் தொட்டியை இன்னொரு முறை கழுவுகிறார்களாம். சொல்லிவிட்டு வெட்கமில்லாமல் சிரிப்பார். அண்ணனும் அவரும் அங்கேயே குடியேறிவிட்டார்கள். போகும்போது இடிகல்லை என்னிடம் கொடுத்து, "இஞ்சி தட்டிடாத" என்றார்.

நானும் சும்மா இருக்கவில்லை. செல் அறை யாருடைய லேபுக்கும் சொந்தமில்லை, அது பொது. என் அறைக்கு ஒரு சட்டம் போட்டேன். எதை அரைத்துக் கொண்டுவந்தாலும், அதே பாத்திரத்தில் ஒன்றுமே போடாமல் அரைத்த ஒரு டியூப்பும் கூட வர வேண்டும். இல்லாவிட்டால் எண்ண மாட்டேன். மேலிடத்துக்குப் புகார் போனது. போகட்டும் என்று இருந்தேன். முதலில் சண்டை போட்டவர்கள் பிறகு பழகிக்கொண்டார்கள். அந்தக் காலி டியூப்புக்கு ஒரு பெயர் வேண்டியிருந்தது. மூடியில் நான் 'அண்ணி' என்று எழுதினேன். இன்று கேரளப் பையனும் ஒரிசாப் பெண்ணும் கன்னடத்துப் பிள்ளைகளும் தங்கள் டியூப் வரிசையில் ஒன்றின் மேல் அண்ணி என்றுதான் எழுதுகிறார்கள். யார் அந்த அண்ணி என்று கேட்பவர்களுக்கு முழுக் கதையும் சொல்லிவிடுகிறேன், சாரின் காதில் விழுந்தாலும் கவலையில்லை.

போன வாரம் சாரின் லேபில் புதிதாகச் சேர்ந்த மாணவி ஒருத்தி வந்தாள். கையில் ஒரு டப்பா, உள்ளே எலுமிச்சை மஞ்சள் பட்டாம்பூச்சிகள். அந்தச் சுருக்கத்தை இணையத்தில் படித்துவிட்டு மஞ்சளை விட்ட இடத்திலிருந்து தொடரலாம் என்று ஆசைப்பட்டிருக்கிறாள். "செல் ரூம்ல அண்ணி வெக்காம எண்ண மாட்டாங்க. முதல்ல போய் அங்க இருக்கற மேடத்தைக் கேளுன்னு சார் சொன்னாரு மேடம்" என்றாள். சார் வாயால் அண்ணி என்ற சொல். நான் அவளை இன்னொரு முறை சொல்லச் சொன்னேன். இரண்டாவது முறை கேட்க இன்னும் நன்றாக இருந்தது.

மேசையிலிருந்து இடிகல்லை எடுத்தேன். இத்தனை நாளும் துடைத்துத் துடைத்து வைத்திருந்த கல். இயந்திரத்தில் போட்டு ஆவியில் வேகவைத்து அவளிடம் கொடுத்தேன். முதலில் காலி அரைத்தாள், பிறகு மஞ்சள். மறுநாள் நான் எண்ணினேன். அண்ணி டியூப்பில் செல்கள் உயிரோடு இருந்தன. மஞ்சளிலும் எல்லாம் உயிரோடு, கிண்ணத்தின் அடியில் பரப்பிய விரிப்பு மாதிரி ஒட்டிக்கொண்டு இருந்தன. அந்தப் பெண்ணின் முகம் வாடிவிட்டது. நான் கைபேசியை எடுத்து ஹெப்பகோடிக்குப் போட்டேன். மஞ்சள் சாறு விட்டும் செல்களுக்கு ஒன்றும் ஆகவில்லை என்று சொல்லி முடிப்பதற்குள் அண்ணி குறுக்கிட்டார்.

"எதுல அரைச்சாங்க?"

"உங்க கல்லுல அண்ணி."

மறுமுனையில் இயந்திரங்களின் இரைச்சல் தள்ளிப்போனது, அண்ணி வெளியே வந்துவிட்டார்.

"அந்தப் பொண்ணு பக்கத்துல இருக்கா?"

"இருக்கா. மூஞ்சைத் தூக்கி வெச்சிக்கிட்டு நிக்கிறா."

"இல்லன்னு எழுதச் சொல்லு. பெரிசா எழுதச் சொல்லு. யாராவது கையெழுத்துப் போட மாட்டேன்னா என்கிட்ட அனுப்பு, நான் வர்றேன்."

கல்லைக் கழுவி, குழவியை உள்ளே சாய்த்து, மேசையில் பழைய இடத்திலேயே வைத்தேன். அந்தப் பெண் தன் கணினியைத் திறந்து உட்கார்ந்தாள். அவள் எழுதி முடிக்கும்வரை நான் பக்கத்திலேயே நின்றேன்.